மிஸ்ஸியை வரவழைத்த கேள்வி

தொகுதிச் சேவை மையத்திலிருந்து நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோது கையில் ஒரு கேள்வி வரைவு இருந்தது. பள்ளிக்கூரைகளில் சூரிய ஒளித் தகடு எப்போது பொருத்துவார்கள், மகப்பேறு வார்டுகளில் ஏன் ஆள் போதவில்லை என்று இரண்டையும் உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் கேட்கப் போவதாகச் சொன்னீர்கள். உங்களில் ஒருத்தி, "அம்மா, அரசாங்கம் தப்பிக்கவே முடியாத மாதிரி ஒரு கேள்விய எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். கோப்பியைக் குடி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன். தப்பிக்க முடியாத கேள்வி எனக்குத் தெரியாது, மகளே. அரசாங்கத்தை நாங்களே தப்பிக்க விட்ட ஒரு கேள்விதான் தெரியும்.

மலாயா சுதந்திரம் வாங்கிய புதிது. நான் மலாக்கா டவுனில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். பஸ் கண்டக்டராக இருந்து, தொழிற்சங்கத்தில் பேசிப் பேசி, தேர்தலில் நின்று ஜெயித்த ஒருவர் எங்கள் தொகுதிக்கு உறுப்பினராக வந்தார். ஊரே அவரை 'வை.பி.' என்றது, மலாயில் மாண்புமிகு என்பதன் சுருக்கம். இன்றைக்கு நீங்கள் உங்கள் உறுப்பினரைக் கூப்பிடுகிற அதே வை.பி.தான். காஜா பெராங்கில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். கீழே ரிம்மைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மேலே நாங்கள் கத்திப் பேசுவோம். இங்கிலீஷ் பேச அவருக்கு வரும், எழுத வராது. "கேள்வி என்னுது, இங்கிலீஷ் ஒன்னுது. சண்டை வேணாம்" என்று என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். உதவியாளர் என்று ஒரு பதவி இருப்பதாகவே அப்போது யாருக்கும் தெரியாது. மாடியில் இருக்கிற பொண்ணு, அவ்வளவுதான் என் பதவி.

எங்கள் லோரோங் என்கிற சின்னத் தெருவை அடுத்து, மலாக்கா செட்டிகள் குடியிருந்த செட்டி கம்போங். சாமி நம் சாமி, வாசலில் மாவிலை, நெற்றியில் திருநீறு; பேச்சு மட்டும் மலாய். அங்கே லெட்சுமி என்று ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில். சாயங்காலம் நான் வேலை முடிந்து நடந்து வரும்போது வேலியோரம் நின்று, "காக் சரஸ், இன்றைக்கு யாரைத் திட்டி டைப் அடித்தாய்?" என்று மலாயில் கேட்டுச் சிரிப்பாள். காக் என்றால் அக்கா.

அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் புதிதாக ஒரு பிரசவ நிலையம் கட்டியிருந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஆரம்பத்தில் மருத்துவச்சி அங்கேயே தங்கியிருந்தார். பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, பகலில் மட்டும் வந்து போனார். அலுவலக நேரம் முடிந்தால் பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வலி எடுத்துப் போனவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

லெட்சுமிக்கு ஒரு சாயங்காலம் வலி எடுத்தது. நல்ல மழை. அவள் புருஷன் பெச்சாவில், அந்த மூன்று சக்கர மிதிவண்டியில், ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். கதவைத் தட்டியிருக்கிறான், உதைத்திருக்கிறான். யாருமில்லை. திரும்பவும் பெச்சாவில் ஏற்றி டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு மிதித்தார்கள். வழியிலேயே, தார்ப்பாய்க்குள்ளேயே, பிள்ளை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது அதற்கு மூச்சு இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிந்து துத்துப், காக்" என்றாள். கதவு மூடியிருந்தது அக்கா. எதைக் கேட்டாலும் அதையேதான் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் அதையே சொன்னாள்.

மாடிக்குப் போய் வை.பி.யிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் உட்காரவில்லை. "அந்தக் கதவ நானும் பாத்துருக்கேன் சரசு. பகல்ல பாத்தேன். தொறந்துதான் இருந்துச்சு" என்றார். பிறகு "அடி" என்று டைப்ரைட்டரைக் காட்டினார்.

அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு கேள்வி போட்டிருந்தோம். தொகுதியிலிருந்த தமிழ்ப் பள்ளிக்கு மின்சாரம் இல்லை. ரோட்டு வரைக்கும் கம்பி வந்திருந்தது, பள்ளிக்குள் வரவில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்தால் காலையிலேயே இருட்டு. ஜன்னலை மூடினால் கரும்பலகை தெரியாது, திறந்தால் புத்தகம் நனையும். விளக்கு எப்போது வரும் என்பது முதல் கேள்வி. பிரசவ நிலையம் இரண்டாவது கேள்வி.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு மூத்த அதிகாரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். பள்ளிக்கு விளக்குப் போட ஏற்பாடு ஆகிவிடும், அதை வை.பி.யே முதலில் ஊருக்கு அறிவிக்கலாம் என்றார். "அந்த இரண்டாவது கேள்வி மட்டும் இந்த முறை வேண்டாமே. புதிய நாடு, புதிய இலாகா. எல்லாவற்றையும் சபையில் வைத்துத்தான் பேச வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, நான் போட்டுக் கொடுத்த கோப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே செய்தி எப்படியோ பள்ளி வாரியத் தலைவருக்கு எட்டிவிட்டது. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வை.பி.யைவிட வயதில் மூத்தவர். தேர்தலில் வை.பி.க்காக வீடு வீடாக நடந்தவர். மூச்சு வாங்க மேலே வந்தார்.

"தம்பி, வந்ததை வேணாங்காதீங்க. நான் எத்தன வருசமா இந்த வெளக்குக்கு அலையிறேன்! போன மழைக்கு ஒரு புள்ள இருட்டுல படியில உருண்டு பல்லு போயிருச்சு. தெரியுமா?"

"தெரியும்ணே."

"அப்புறம் என்னா லா யோசன? பிரசவ நெலையத்த அடுத்த தடவ கேக்கலாம். கேள்வி என்னா ஓடியா போயிரும்?"

அவர் சொன்னதில் பிசகில்லை. அவர் சுயநலக்காரர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஒரு நல்ல காரியத்துக்காக இன்னொரு நல்ல காரியத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். இந்த வேலையில் உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போவது கெட்டவர்கள் இல்லை, இவரைப் போன்றவர்கள்தான்.

வை.பி. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா சரசு, அந்தப் பொண்ணப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

லெட்சுமி இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு நல்லதா கதவு நல்லதா என்று அவளிடம் நாங்கள் கேட்கவில்லை; கேட்டால் அது பாவம். அவள் இரண்டே விஷயம் சொன்னாள். சபையில் கேட்கிற அன்றைக்குத் தானும் வந்து பார்க்க வேண்டும் என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என் பெயரைச் சொல்ல வேண்டாம். மாலு, காக். தலைப்பிள்ளையைத் தெருவில் போட்டவள் என்று பேசுவார்கள்" என்றாள். மாலு என்றால் வெட்கம். அந்தச் சொல்லுக்கு வை.பி.க்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"உன் பெயர் என் வாயிலிருந்து வராது" என்று மலாயில் அவரே சொன்னார்.

திரும்பும் வழியில் கோயில் வளைவு தாண்டியதும், "ரெண்டும் வேணும்தான் சரசு. ஆனா பள்ளிக்கூடத்துல மழ விட்டா வெளிச்சம் வந்துரும். இந்தப் பொண்ணுக்கு மழ விட்டுருச்சு. என்னா வந்துச்சு?" என்றார். அதிகாரிக்கும் தலைவருக்கும் நான் என்ன பதில் எழுத வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சபை கூடிய அன்று லெட்சுமி கெபாயாவும் சாரோங்கும் உடுத்தி, தலையில் பூ இல்லாமல் வந்தாள். பார்வையாளர் வரிசையில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். கீழே இங்கிலீஷில் பேசுவதை அவள் காதில் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுகாதாரத்துக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர், மாநிலத்துக்கு அவர்தான் மந்திரி மாதிரி, எழுந்தார். பிரசவ நிலையம் எல்லா நேரமும் இயங்குகிறது, புகார் எதுவும் வரவில்லை என்று வாசித்தார். வை.பி. எழுந்து, மாலையில் போன ஒரு தாய்க்குக் கதவு திறக்கவில்லை, பிள்ளை இறந்துவிட்டது என்றார்.

"எந்தத் தாய்? பெயரைச் சொல்லுங்கள்."

வை.பி. கையிலிருந்த கேள்வித் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"பெயர் இல்லாத தாய், பெயர் இல்லாத பிள்ளை. மதிப்புக்குரிய உறுப்பினர் பஸ்ஸில் கேட்ட கதையைச் சபைக்குக் கொண்டுவந்திருக்கிறார்."

சபை சிரித்தது. லெட்சுமி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "என் பெயரைச் சொல்லிவிட்டாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பிறகு ஏன் சிரிக்கிறார்கள்?" என்றாள். அந்தப் பஸ் பேச்சை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

வை.பி. ஒரு தடவைகூட மேலே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லோருடைய கண்ணும் அவர் கண்ணோடு சேர்ந்து மேலே வந்திருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு, "பெயர் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக இன்று சாயங்காலம் நீங்களும் நானும் போய் அந்தக் கதவைத் தட்டுவோம். வருகிறீர்களா?" என்றார். இது கேள்வி ஆகாது என்றார் சபாநாயகர். ஆனால் பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்த ஆட்சிக்குழு உறுப்பினர், "ஏன் வர மாட்டேன்? வருகிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் வை.பி. என்னிடம் சின்னப் பிள்ளை மாதிரி, "மாட்டிக்கிட்டாரு சரசு!" என்றார். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே ஒரு முழுப் பகல் இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

நினைத்தது போலவே ஆயிற்று. நாங்கள் போனபோது பிரசவ நிலையத்தின் வாசல் கழுவி ஈரமாக இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு. கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில், மார்பில் கடிகாரத்தோடு ஒரு மிஸ்ஸி நின்றுகொண்டிருந்தார். இதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததே இல்லை. மேசைக்குக் கீழே அவருடைய துணிப்பை இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது.

ஆட்சிக்குழு உறுப்பினர் கதவைத் தட்டுவது போல விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். "தட்ட வேண்டிய அவசியமே இல்லையே" என்றார்.

வை.பி.யின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் தொழிற்சங்க மேடையில் பேசியவர். அவர் வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நாடகம் என்பார், பொய் என்பார், அந்தத் துணிப்பையைத் தூக்கிக் காட்டுவார். காட்டினால் ஜெயித்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஜெயித்த மறுநாள் என்ன நடக்கும்? விசாரணை என்பார்கள். விசாரணை முடியும் வரை அந்த மிஸ்ஸியைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள். பூட்டுத் திரும்ப வந்துவிடும்.

அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். முன்னும் பின்னும் அப்படி நான் செய்தது கிடையாது.

"வை.பி., வேணாம். நன்றி சொல்லுங்க."

"என்னாது?"

"மிஸ்ஸி இருக்காங்க பாருங்க. இததானே நாம கேட்டோம்? அவங்க இங்கயே இருக்கட்டும். நன்றி சொல்லுங்க."

என்னைப் பார்த்தார். அந்த மிஸ்ஸியைப் பார்த்தார். பிறகு பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"ஐயா சொன்னதுதான் சரி. நான் தவறாகப் புரிந்துகொண்டேன். இந்த நிலையம் சாயங்காலமும் திறந்திருக்கிறது, இரவும் திறந்திருக்கும். தயவுசெய்து இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். காஜா பெராங்கிலும் புக்கிட் காதிலிலும் கிளேபாங்கிலும் இருக்கிற ஒவ்வொரு கர்ப்பிணியும் எந்த நேரமும் இங்கே வரலாம் என்று ஐயாவே வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று போடுங்கள்." ஆட்சிக்குழு உறுப்பினரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவேயில்லை. "கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா ஐயா?"

கேமராவுக்கு முன்னால் அவர் வேறென்ன சொல்ல முடியும்? தலையாட்டினார். சிரிப்பு மட்டும் முகத்தில் கொஞ்சம் கோணிவிட்டது.

மறுநாள் பத்திரிகையில் தொகுதி உறுப்பினர் தவறை ஒப்புக்கொண்டார் என்று வந்தது. சைக்கிள் கடையில்கூடச் சிரித்தார்கள். ஆனால் அதற்குக் கீழே நிலையம் எல்லா நேரமும் திறந்திருக்கும் என்றும் வந்தது. பெண்கள் கேட்டார்கள், ஒருத்திக்கு ஒருத்தி சொன்னார்கள், வரத் தொடங்கினார்கள். வார்டில் வலியோடு ஆள் படுத்திருக்கும்போது மிஸ்ஸியை எப்படித் திரும்ப அழைப்பார்கள்? "ஒரு நாளைக்குன்னு சொல்லித்தான்மா என்னைய அனுப்புனாங்க. மாத்துத் துணி கூட ஒழுங்கா எடுத்துட்டு வரல" என்று அவர் என்னிடம் மூக்கால் அழுதார். சில வாரத்தில் அவருக்குத் துணையாக ஒரு மருத்துவச்சியும் வந்து சேர்ந்தார். வை.பி. தினமும் சாயங்காலம் சைக்கிளில் அந்த வழியாகப் போய், மணியடித்து, "மிஸ்ஸி, சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து பதில் வந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கு விளக்கு வரவில்லை. இலாகா பரிசீலிக்கிறது என்று மட்டும் சபையில் பதில் வந்தது. ஜவுளிக்கடைத் தலைவர் எங்கள் மாடிப்படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. "வந்த வெளக்க ஊதி அணைச்ச மனுசன்" என்று கடையில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த தேர்தலில் எதிர்த்து நின்றவர், இவர் தன் வாயாலேயே தன்னைப் பொய்யர் என்று சொல்லிக்கொண்டவர் என்று அந்தப் பத்திரிகையைக் கூட்டத்துக்குக் கூட்டம் தூக்கிக் காட்டினார்.

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இப்பயாவது உண்மையச் சொல்லுங்களேன் வை.பி. மிஸ்ஸிய அன்னிக்குத்தான் கொண்டாந்து வச்சாங்கன்னு சொல்லுங்க."

"சொன்னா அவங்களுக்கு அவமானம், சரசு. அவமானப்பட்டவன் மொதல்ல யார் மேல கை வைப்பான்? அந்த மிஸ்ஸி மேலதான். வேணாம். எனக்கு வந்தா வரட்டும்."

தோற்றார். கொஞ்சம் ஓட்டில் இல்லை, நன்றாகவே தோற்றார். ஜெயித்தவர் காலத்தில் பள்ளிக்கு விளக்கு வந்தது. திறப்பு விழாவுக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. நானும் அவரும் ரோட்டிலேயே நின்று பார்த்தோம். சுவிட்சைப் போட்டதும் வகுப்பறை ஜன்னல்களெல்லாம் பளிச்சென்று ஆயின; பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரர் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டது ரோட்டிலிருந்தே தெரிந்தது. வை.பி.யும் கை தட்டினார். உண்மையாகத்தான் தட்டினார். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, "அந்தப் பசங்க ரெண்டு மழைக்காலம் இருட்டுல இருந்துட்டாங்க" என்றார். இந்த வேலையில் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் பாதிப் பேருக்கு நாம் கடன்பட்டுத்தான் போவோம்.

நான் மறுபடி வக்கீலிடமே வேலைக்குப் போய்விட்டேன். புதிய உறுப்பினர் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது பிறகு. அந்த இடைக்காலத்தில் ஒரு சாயங்காலம் லெட்சுமியின் புருஷன் ஓடி வந்தான். அவளுக்கு வலி எடுத்து அந்த நிலையத்தில் சேர்த்துவிட்டானாம், வை.பி.க்குச் சொல்லச் சொன்னாளாம். அவர் இப்போது வை.பி. இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். இல்லை, சொல்லியும் அவள் கேட்கவில்லை.

நான் போய் அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஆரஞ்சுப் பழம் வாங்கினார். வாசல் படியில் கால் வைத்ததும் புதிதாக வந்திருந்த ஒரு இளம் மிஸ்ஸி குறுக்கே கை நீட்டினாள்.

"நீங்க யாரு? புருசனா?"

"இல்லம்மா."

"அப்பாவா?"

"அதுவும் இல்ல."

"அப்ப நாளைக்கு வாங்க. விசிட்டர் நேரம் முடிஞ்சிருச்சு. உள்ள பிரசவம் பாத்துக்கிட்டு இருக்காங்க, இங்க கூட்டம் போடாதீங்க."

நான் வாயைத் திறந்தேன். இவர் யார் தெரியுமா என்று கேட்கத்தான். அவர் என் தோளைத் தட்டி வேண்டாம் என்றார். பழப்பையை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, படியிறங்கி ரோட்டோரம் வந்து நின்றார். கதவு எங்களுக்கு எதிரே திறந்தே இருந்தது. உள்ளே விளக்கெரிந்தது. யாரோ அதட்டும் சத்தம், யாரோ ஓடும் சத்தம், கடைசியில் ஒரு பிள்ளை வீறிட்டு அழும் சத்தம்.

"உள்ள விட மாட்டேன்னுட்டா பாத்தியா சரசு!" என்றார். நான் அவரோடு வேலை பார்த்த காலமெல்லாம், தேர்தலில் ஜெயித்த அன்றைக்குக்கூட, அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.